பட்டாவில் ஏர், பேச்சில் சென்ட்

நம்மூரில் நிலம் விற்பவர் சென்ட் கணக்கில் பேசுவார், சென்னைப் பக்கம் என்றால் கிரவுண்டு. பட்டாவை எடுத்துப் பார்த்தால் அங்கே ஹெக்டேர், ஏர். அவசரத்தில் பார்ப்பவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

பட்டாவில் பரப்பு 0 - 12.50 என்று இருந்தால், கோட்டுக்கு முன்னால் இருப்பது ஹெக்டேர், பின்னால் இருப்பது ஏர். இதைப் பன்னிரண்டரை சென்ட் என்று படித்துவிடாதீர்கள். ஒரு ஏர் 100 சதுர மீட்டர், அதாவது 2.47 சென்ட். ஆக அந்த நிலம் கிட்டத்தட்ட 31 சென்ட். முன்னால் 1 இருந்தால் 100 ஏர் கூட்டிக்கொள்ளுங்கள்: 1 - 05.00 என்பது 105 ஏர், சுமார் 2 ஏக்கர் 59 சென்ட். மனக்கணக்குக்கு, நாற்பதரை ஏர் ஒரு ஏக்கர் என்று வைத்துக்கொண்டால் போதும்.

மனைக்கு வந்தால் சதுர மீட்டர். அதை 3.28-ஆல் பெருக்கக் கூடாது; அது நீளத்துக்கான எண். பரப்புக்கு 10.764. 111.5 சதுர மீட்டர் மனை 1200 சதுர அடி, நமக்குப் பழகிய 30-க்கு 40. சென்ட் என்றால் 435.6 சதுர அடி, கிரவுண்டு 2400. தரகர்கள் சிலர் சென்டை 436 என்று முழுதாக்கிச் சொல்வார்கள், சரி, அதில் பெரிய வித்தியாசம் வராது. ஆனால் முன்பணம் கொடுக்கும் முன் பட்டா, பத்திரம் இரண்டின் பரப்பையும் சதுர அடிக்கு மாற்றி ஒப்பிட்டுப் பாருங்கள். பத்திரத்தில் பெரும்பாலும் சென்டிலோ சதுர அடியிலோதான் எழுதியிருக்கும்.