ஐஸ் போதையில் புத்தி பேதலித்தால்: வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டியவை

'ஐஸ்' என்று புழங்கும் மெத்தாம்பெட்டமின் மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தை அளவுக்கு மீறிச் சுரக்க வைக்கிறது. இரண்டு மூன்று இரவு தூக்கமும் போனால் சந்தேகம் முற்றிவிடும்: எதிர்வீட்டுக்காரர் வேவு பார்க்கிறார், போனை ஒட்டுக்கேட்கிறார்கள், சோற்றில் விஷம் வைத்துவிட்டார்கள். காதில் குரல் கேட்கும். தோலுக்கடியில் பூச்சி ஊர்வதாக நம்பிக் கையைக் கீறிப் புண்ணாக்கிக்கொள்வார்கள். இது நடிப்பல்ல, மந்திரித்துத் தீர்க்க இது பேயும் அல்ல.

முதலில் டிவியை அணையுங்கள், கூட்டத்தைக் கலையுங்கள். ஒருவர் மட்டும் தணிந்த குரலில் பேசட்டும். இரண்டு கை நீளம் தள்ளி நில்லுங்கள், வாசலை மறிக்காதீர்கள். கத்தி, அரிவாள்மனை, வண்டிச் சாவியை அப்புறப்படுத்துங்கள். "அப்படி யாருமே இல்லை" என்று வாதாடினால் உங்களையும் எதிரியாக நினைப்பார். "ஆமாம், இருக்காங்க" என்றால் பயம் இன்னும் வேரூன்றும். பயத்துக்கு மட்டும் பதில் சொல்லுங்கள்: "நீ ரொம்பப் பயந்திருக்கேன்னு தெரியுதுப்பா. நான் கூடவே இருக்கேன்." விஷம் என்று அஞ்சுபவரிடம் மூடி திறக்காத தண்ணீர் பாட்டிலைக் கொடுங்கள், அவரே திறந்து குடிக்கட்டும்.

உடம்பு அனலாகக் கொதித்தால், நெஞ்சு வலித்தால், வலிப்பு வந்தால், இருக்கும் இடமே தெரியாமல் குழம்பினால், சாகப்போவதாகச் சொன்னால், தாக்க வந்தால் உடனே ஆம்புலன்ஸுக்கு 108, இலங்கையில் 1990 என்ற எண்ணை அழையுங்கள். சூடு இருந்தால் வண்டி வரும்வரை ஈரத்துணியால் துடைத்து விசிறுங்கள். குப்புறத் தள்ளி அமுக்கவே கூடாது. திமிறும் உடம்பு மேலும் சூடேறும், மூச்சும் அடைபடும்.

மருத்துவமனையில் பெரும்பாலும் பதற்றத்தையும் பிரமையையும் தணிக்க லோராசெபாம், ஓலன்சபின் போன்ற மருந்துகள் கொடுப்பார்கள். வீட்டிலுள்ள தூக்க மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள். மதுவோ வேறு போதையோ உள்ளே இருந்தால் மூச்சே நின்றுபோகலாம். எதை, கடைசியாக எப்போது எடுத்தார், எத்தனை நாள் தூங்கவில்லை என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

போதையை நிறுத்தினால் பலருக்குச் சில நாட்களில் தணிந்துவிடும். ஒரு மாதம் தாண்டியும் நீடித்தால் மனச்சிதைவு போன்ற வேறு நோய் உண்டா என்று மனநல மருத்துவர் பார்த்தாக வேண்டும். எல்லோரும் அசட்டையாக விடுவது போதை இறங்கியபின் வரும் நாட்களைத்தான். அடித்துப்போட்டதுபோல் தூங்குவார், எழுந்ததும் மனம் அதலபாதாளத்தில் கிடக்கும். தற்கொலை எண்ணம் வரும் நேரம் அது, தனியே விடாதீர்கள்.

ஒருமுறை இப்படி ஆனவருக்கு அடுத்தமுறை கொஞ்சம் எடுத்தாலே திரும்பி வரலாம்; சிலருக்குத் தூக்கம் கெட்டாலே போதும். ஆகவே "எப்பவாவது ஒருதரம்" என்பதற்கு இடமே இல்லை. தொடர் சிகிச்சைக்கு இந்தியாவில் மனநல உதவி எண் 14416, போதை மீட்பு உதவி எண் 14446, இலங்கையில் மனநல உதவி எண் 1926.