மைட்டர் மூலைக்குக் கிளாம்ப் போடும்போது செய்யும் தவறுகள்

பெங்களூர் அல்சூரில் என் மரவேலைப் பட்டறைக்கு வரும் பிள்ளைகள் அடிக்கடி சொல்வது இது: "அண்ணா, கிளாம்பை இறுக்க இறுக்க மூலை வழுக்கிட்டுப் போகுது." வழுக்கத்தான் செய்யும். மைட்டர் என்றால் இரண்டு கட்டைகளின் நுனியையும் 45 டிகிரியில் சரித்து வெட்டிச் சேர்க்கும் மூலை; அந்தச் சரிவுகளுக்கு நடுவில் ஈரப் பசை. கிளாம்ப், ஒட்டும்போது கட்டைகளை இறுக்கிப் பிடிக்கும் கருவி. ஒரு கட்டையின் நீளவாக்கில் மட்டும் இறுக்கினால், அது சரிவில் சறுக்கி வெளியே வரும். அழுத்தம் இணைப்புக் கோட்டுக்குச் செங்குத்தாக விழ வேண்டும்.

அதற்கு நான் எப்போதும் செய்வது இதுதான். பிளைவுட்டில் சின்ன 45 டிகிரி முக்கோணத் துண்டுகள் வெட்டி, மூலைக்கு இரு பக்கமும் சட்டத்தின் வெளிப்பக்கத்தில் ஒட்டுவேன். முக்கோணத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் செய்தித்தாள் துண்டு ஒன்று இருக்கும். சரிந்த முகங்கள் இரண்டும் இணைப்புக் கோட்டுக்கு இணையாக நிற்பதால் கிளாம்ப் அங்கே நேராகக் கடிக்கும். வேலை முடிந்தபின் உளியால் லேசாகத் தட்டினால் தாள் கிழிந்து துண்டு கழன்றுவிடும். மீதியை இழைப்புளியால் ஒரு தள்ளு. நேரம் பிடிக்கும், ஆனாலும் இதைவிட நம்பகமான வழியை நான் பார்த்ததில்லை. போட்டோ சட்டத்துக்கு, சுற்றிலும் பட்டையால் இறுக்கும் பெல்ட் கிளாம்பும் சின்னப் பெட்டிக்கு மாஸ்கிங் டேப்பும் போதும்.

இடைவெளியைக் கிளாம்பால் மூடப் பார்ப்பது அடுத்த தவறு. நாலு மூலைக்கு எட்டு வெட்டு. வெட்டுக்கு அரை டிகிரி தப்பினால் மொத்தம் 4 டிகிரி. அது முழுக்கக் கடைசி மூலையில் வந்து நிற்கும். முறுக்கி மூடினாலும் கிளாம்பை எடுத்ததும் விரிய ஆரம்பிக்கும். பசை இல்லாமல் ஒருமுறை கூட்டிப் பாருங்கள். மூலைமட்டத்தோடு நிறுத்தாமல் இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்து பாருங்கள். சமமாக இருக்க வேண்டும்.

பசை விஷயம். வெட்டு முகத்தில் நார்களின் வாய் திறந்திருப்பதால் ஃபெவிகாலை உறிஞ்சிவிடும். முதலில் மெல்லிசாகத் தடவி, சில நிமிடம் விட்டு, அப்புறம் இரண்டாம் பூச்சு. அளவுக்கு மீறி இறுக்கினால் அதுவும் பிதுங்கி வெளியே போய்விடும்.

பெங்களூரில் மழைக்காலத்தில் வாங்கிய மரத்தை உடனே கூட்டுவதுதான் எனக்கு அதிகம் வருத்தம் தரும் தவறு. மரம் அகலத்தில் சுருங்கும், நீளத்தில் அநேகமாகச் சுருங்காது. அதனால் பிப்ரவரி, மார்ச் வறட்சியில் மூலையின் உள்பக்கம் விரியும். கட்டை அகலமானால் விரிசலும் பெரிது. வாங்கிய மரத்தைச் சில வாரம் வீட்டுக்குள்ளேயே காற்றாட அடுக்கி வையுங்கள். அகலச் சட்டம் என்றால், பசை காய்ந்தபின் மூலையின் குறுக்கே ரம்பத்தால் காடி (ஒடுக்கமான பள்ளம்) எடுத்து மெல்லிய மரத்தகடு ஒன்றை ஒட்டிச் செருகிவிடுங்கள்.