வயிற்றில் பிள்ளை இருக்கும்போது பல்லையும் ஈறையும் பார்த்துக்கொள்வது எப்படி

கர்ப்பம் என்று தெரிந்த நாளிலிருந்து எடை, ரத்த அழுத்தம், ஸ்கேன், இரும்பு மாத்திரை எல்லாம் நோட்டில் ஏறிவிடும். பல்லை மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள். வலி வந்தால்கூட, எங்கள் காரைக்குடிப் பக்கம் வீட்டுக்கு ஒரு ஆயா (பாட்டி) இருப்பார், "பிள்ளை பெத்து எந்திரிச்ச பெறகு பார்த்துக்கிடலாம், இப்பப் போயி எதுக்கு ஊசியும் மருந்தும்" என்று ஒரு கிராம்பைக் கையில் கொடுத்து உட்கார வைத்துவிடுவார். மற்ற எல்லாவற்றுக்கும் ஆயா சொல்வதைக் கேளுங்கள், இதற்கு வேண்டாம். சொத்தைப் பல்லும் சீழும் பத்து மாதம் காத்திருக்காது.

முதலில் ஈறு. இரண்டாம் மூன்றாம் மாதத்திலேயே பல் தேய்த்துத் துப்பினால் எச்சில் ரோஸ் நிறத்தில் வர ஆரம்பிக்கும். ஹார்மோன்கள் கூடுவதால், பல்லோரம் படிகிற அழுக்குக்கு ஈறு வழக்கத்தைவிட அதிகமாகச் சிவந்து வீங்குகிறது, எட்டாம் மாதம் வரைக்கும் கூடிக்கொண்டே போகலாம். பயந்துபோய் அந்த இடத்தைத் தொடாமல் விட்டுவிடுகிறோம் பாருங்கள், அங்கேதான் தப்பு. தேய்க்காமல் விட்டால் அழுக்கு சேரும், சேர்ந்தால் இன்னும் ரத்தம் வரும். மென்மையான பிரஷ் வாங்கி, பல்லும் ஈறும் சேரும் கோட்டில் சற்றுச் சாய்த்து வைத்து, அழுத்தாமல் சின்னச் சின்ன வட்டமாகத் தேயுங்கள். காலையும் இரவும், தலா இரண்டு நிமிடம், ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட். ஒரு வாரம் பத்து நாள் ஒழுங்காகச் செய்தாலே பலருக்கு ரத்தம் குறைந்துவிடும், குறையாவிட்டால் பல் டாக்டரிடம் போய்ப் பல் சுத்தம் செய்துகொள்ள வேண்டியதுதான். செங்கல் பொடி, கரி, உப்பு எல்லாம் வீங்கின ஈறைப் புண்ணாக்கும், பல்லின் மேல்பூச்சான எனாமலையும் தேய்க்கும், ஒதுக்கிவிடுங்கள்.

சிலருக்கு இரண்டு பல்லுக்கு நடுவில் ஈறு சிவப்பாக, மல்பெரிப் பழம் மாதிரி ஒரு கட்டியாக வளரும், லேசாகத் தொட்டாலே ரத்தம் வரும். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் புற்றுநோய் இல்லை, பிரசவத்துக்குப் பிறகு தானாகச் சுருங்கிவிடுவதுதான் வழக்கம். டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள், மனசு நிம்மதியாகும்.

அடுத்தது மசக்கை. வாந்தி எடுத்தவுடன் வாய் நாற்றத்துக்குப் பிரஷைத் தேடுவோம், அதைத்தான் செய்யக்கூடாது. வயிற்று அமிலம் பட்டு மேல்பூச்சு இளகியிருக்கும் நேரத்தில் தேய்த்தால் அது தேய்ந்து போகும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி ஆப்ப சோடா கலந்து கொப்பளித்துத் துப்புங்கள், சோடா இல்லையென்றால் வெறும் தண்ணீர். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துப் பல் தேய்க்கலாம். பேஸ்ட் வாசனையே குமட்டுகிறதா? குழந்தைகள் பிரஷ் மாதிரி தலை சின்னதாக இருப்பதை எடுத்து, முகத்தைக் குனிந்து வைத்துக்கொண்டு, குமட்டல் குறைவான நேரம் பார்த்துத் தேயுங்கள். பேஸ்ட் கொஞ்சம்கூட ஒத்துக்கொள்ளாத நாளில் வெறும் பிரஷாவது படட்டும்.

நம் ஊர்ச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. பிள்ளை உண்டான பெண்ணுக்கு அவரவர் வீட்டிலிருந்து கந்தரப்பம், கருப்பட்டிப் பணியாரம், மாவுருண்டை, அதிரசம் என்று சம்படம் சம்படமாக வரும், கவுனி அரிசி வேறு. சாப்பிடாதே என்று சொல்ல எனக்கு மனசு வராது. ரத்தத்தில் சர்க்கரை அளவு சரியாக இருந்தால் சாப்பிடுங்கள், ஆனால் ஒரே உட்காரலில், சாப்பாட்டோடு சேர்த்து. போகும்போதும் வரும்போதும் சம்படத்தைத் திறந்து ஒன்று ஒன்றாகக் கடித்தால், ஒவ்வொரு தடவையும் பல்லின் மேல் அமிலம் ஊறும், எத்தனை தின்றோம் என்பதைவிட எத்தனை தடவை தின்றோம் என்பதுதான் பல்லைக் கெடுக்கிறது. பணியாரம் கடைவாயில் ஒட்டிக்கொண்டு கிடக்கும், தின்றதும் நன்றாக வாய் கொப்பளியுங்கள். புளிப்பு மாங்காயையும் வாயிலேயே அடக்கி வைத்துக்கொள்ள வேண்டாம். வெள்ளைப் பணியாரத்துக்கு வைக்கும் காரச் சட்னி புண்ணான ஈறில் பட்டால் உயிர் போகும், அது உங்களுக்கே தெரிந்துவிடும். வளைகாப்பில் கொடுக்கிற பாக்கைத் தாம்பூலப் பையோடு அப்படியே வைத்துவிடுங்கள், பாக்கு பிள்ளைக்கும் நல்லதில்லை.

"பிள்ளை பல்லில் இருக்கிற சுண்ணாம்புச் சத்தை உறிஞ்சிடும்" என்பது வெறும் பேச்சு. பிள்ளைக்கு வேண்டிய கால்சியம் நீங்கள் சாப்பிடுவதிலிருந்து போகிறது, பற்றாக்குறை என்றால் எலும்பிலிருந்து போகும், பல்லிலிருந்து இல்லை. பால், தயிர், கேழ்வரகு, கீரையோடு, சுகாதார நிலையத்தில் தருகிற கால்சியம் மாத்திரையை விடாமல் சாப்பிடுங்கள்.

சரி, பல் டாக்டரிடம் எப்போது போவது? எந்த மாதத்திலும் போகலாம். உட்கார்ந்து எழ வசதி நான்கு, ஐந்து, ஆறாம் மாதங்கள். மரத்துப்போக ஊசி போட்டுச் சொத்தை அடைப்பது, பல் பிடுங்குவது, அவசியமென்றால் ஒரு எக்ஸ்ரே, எல்லாம் செய்துகொள்ளலாம். எத்தனையாவது மாதம் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லிவிட்டு நோட்டையும் காட்டுங்கள். கடைசி மாதங்களில் மல்லாந்து நெடுநேரம் படுத்தால் தலை சுற்றும், வலது இடுப்புக்குக் கீழே ஒரு தலையணை கேட்டு இடப்பக்கம் லேசாகச் சாய்ந்துகொள்ளுங்கள். புதுக்கோட்டையில் அரசு பல் மருத்துவக் கல்லூரியே இருக்கிறது, திருமயம், பொன்னமராவதி பக்கத்தவர்களுக்கு அது தூரமில்லை.

மருந்துக் கடையில் நீங்களாக வலி மாத்திரை வாங்க வேண்டாம். வலிக்குப் பொதுவாகப் பாரசிட்டமால்தான், அதையும் டாக்டரைக் கேட்டு. இபுபுரூபன், டைக்ளோஃபினாக் போன்றவை, முக்கியமாக ஐந்தாம் மாதத்துக்கு மேல், கூடாது. டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாட்டிக் மாத்திரை பிள்ளையின் பல்லைக் கறையாக்கிவிடும். கிராம்புத் தைலத்தை அப்படியே ஈறில் வைத்தால் வெந்துவிடும், ஆயா கேட்டால் இதையும் சொல்லுங்கள்.

முகம் வீங்குவது, காய்ச்சல், வாய் திறக்க முடியாமல் போவது, விழுங்கச் சிரமம், இதில் ஒன்று வந்தாலும் மறுநாள் வரை பார்க்க வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரி.