செடி நடுவதற்கு முன்பே நடக்கும் தவறுகள்

கட்டடத்தின் கழிவுநீரை அங்கேயே சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தலாம் என்று பேச்செடுத்தாலே, "என்ன செடி வைக்கலாம்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கல்வாழையா, நாணலா என்பதைக் கடைசியில் முடிவு செய்துகொள்ளலாம். கழிவுநீர், செடி நட்ட சரளைக்கல் படுகை வழியாக ஓடித்தான் சுத்தமாகிறது. அந்தப் படுகையில் அழுக்கைத் தின்பது பெரும்பாலும் கல்லின்மேல் வழுவழுப்பாகப் படிந்திருக்கும் பாக்டீரியாக்கள். செடி அவற்றுக்குத் துணை.

முதல் தவறு குழாயிலேயே தொடங்குகிறது. குளித்த நீரையும் துணி துவைத்த நீரையும் கழிப்பறை நீரோடு ஒரே குழாயில் சேர்த்துவிட்டால், எளிதில் தேறக்கூடிய நீரும் கெட்டது. கட்டும்போதே தனிக் குழாய் போட்டுவிடுங்கள், பிறகென்றால் தரையை உடைக்க வேண்டும்.

அடுத்தது, நான் அதிகம் கவலைப்படுவது: அடைப்பு. சமையலறை எண்ணெயும் சோப்புக் கசடும் முடியும் நேராகப் படுகைக்குப் போனால் கற்களுக்கு இடையிலுள்ள சந்துகள் மூடிக்கொள்ளும். நீர் கல்லின் மேற்பரப்புக்குச் சில சென்டிமீட்டர் கீழேதான் ஓட வேண்டும். மேலே தேங்கினால் நாற்றம், அப்புறம் கொசு. செடி பச்சையாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். எண்ணெய் பிடிக்கும் தொட்டியும் கசடு படியும் தொட்டியும் முன்னால் இருக்க வேண்டும். அவற்றை அவ்வப்போது அள்ள ஆளும் வேண்டும். அந்த ஆள் யார் என்று கேட்டால்தான் எல்லோரும் அமைதியாகிவிடுகிறார்கள்!

கழிப்பறையைப் பளபளப்பாக்க பிளீச்சிங் பவுடரைக் கொட்டுவதும், நீருக்குள் காற்றைச் செலுத்தும் காற்றூதி உள்ள அமைப்பில் மின்சாரத்தை மிச்சப்படுத்த அதை மணிக்கணக்கில் நிறுத்திவைப்பதும் அதே பாக்டீரியாக்களைத்தான் கொல்லும். குளித்த நீரைச் சுத்திகரிக்காமல் 24 மணி நேரத்துக்கு மேல் சேமிக்காதீர்கள், அழுகத் தொடங்கிவிடும். கலங்கலான நீரில் புற ஊதா விளக்கு போட்டும் பயனில்லை. மிதக்கும் துகள்களின் நிழலில் கிருமிகள் தப்பித்துக்கொள்ளும். சோடியம் மிகுந்த சலவைத்தூள் நீரைத் தோட்டத்துக்கே விட்டுக்கொண்டிருந்தால் களிமண் இறுகிப்போகும்.

சுத்திகரித்த நீர்க்குழாய் எங்கோ குடிநீர்க் குழாயோடு இணைந்துவிடுவது எல்லாவற்றிலும் ஆபத்தானது. நிறம் மாற்றிக் குழாய் போட்டிருந்தாலும் பழுதுபார்க்க வருபவர் கவனிக்காமல் இணைத்துவிடலாம். குடிவருவதற்கு முன்பும், குழாய் வேலை நடந்த ஒவ்வொரு முறையும், மறுபயன்பாட்டுத் தொட்டியில் உணவுச் சாயம் கலந்துவிட்டு, கட்டடத்திலுள்ள எல்லாக் குழாய்களையும் திறந்து பாருங்கள். சுத்திகரித்த நீர் போகும் கழிப்பறைத் தொட்டியில் நிறம் வர வேண்டும். சமையலறைக் குழாயில் வரக் கூடாது.