வேப்பங்கட்டையில் துளிர்: நீள்வட்டப் பேரடைகளின் வயதைக் கணிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மே மாத நடுவில், சோளகம் வீசத் தொடங்கும் நாட்களில், இரணைமடுக் குளக்கட்டில் இரவு ஒன்பது மணிக்குத் தொலைகாட்டியை நிறுத்தினால் எம் 87 என்ற பேரடை ஏறக்குறைய நேர் உச்சியில் இருக்கும். நம் பால்வீதி போல, கோடானுகோடி நட்சத்திரங்கள் சேர்ந்த கூட்டத்தைத்தான் பேரடை என்கிறோம். இது சுமார் 5.4 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரிவது மங்கலான ஒரு உருண்டை மட்டும். சுருள் கைகள் இல்லை. இப்படிப்பட்டவைதான் நீள்வட்டப் பேரடைகள். அதைப் பார்த்த உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி, "சேர், இது செத்துப்போன பேரடைதானே?" என்று கேட்டாள். புதிதாக நட்சத்திரமே பிறக்காத பேரடை என்றுதான் பலரும் படித்திருக்கிறார்கள். குழப்பமும் அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் பெயர். எட்வின் ஹபிள் 1926 இல் பேரடைகளை வடிவத்தை வைத்துப் பிரித்தபோது நீள்வட்டங்களை 'முந்திய வகை' என்றும் சுருள்களைப் 'பிந்திய வகை' என்றும் அழைத்தார். வில்லை வடிவானவையும் இன்று முந்திய வகையில்தான் அடங்கும். இதைப் படித்ததும், நீள்வட்டம் வளர்ந்து சுருளாகும் என்று விடைத்தாளில் எழுதிவிடுகிறார்கள். ஹபிள் சொன்னது வரிசையை, காலத்தை அல்ல. நடப்பது பெரும்பாலும் மறுவளம்: சுருள்கள் மோதி இணைந்தால் நீள்வட்டம் உருவாகலாம், சுருள் ஒன்று வாயுவை இழந்து ஓய்ந்தால் வில்லையாகலாம்.

அடுத்தது நிறம். சூடான நீல நட்சத்திரங்கள் சில கோடி ஆண்டுகளில் எரிந்து முடிந்துவிடும். சிவந்த சிறியவை நீடித்து வாழும். ஆகவே சிவப்பாகத் தெரியும் பேரடையில் புதுப் பிறப்பே இல்லை என்று முடிவு கட்டுவது எளிது. 2003 இல் ஏவப்பட்ட கலெக்ஸ் விண்தொலைகாட்டி, கண்ணுக்குத் தெரியாத கழியூதாக் (புற ஊதா) கதிரில் பார்த்தபோது அந்த முடிவு ஆட்டம் கண்டது. அருகிலுள்ள முந்திய வகைப் பேரடைகளில் ஏறத்தாழ 30 சதவீதத்தில், கடந்த 100 கோடி ஆண்டுகளுக்குள் நட்சத்திரங்கள் பிறந்த தடயம் இருந்தது. நம் கண் காணும் ஒளியில் அது பழைய நட்சத்திரங்களின் வெளிச்சத்துக்குள் அமுங்கிப்போகிறது.

சரி, அப்படியென்றால் இவை இளம் பேரடைகளா? இதுதான் எனக்கு மிகவும் கவலை தரும் தவறு, ஏனென்றால் கெட்டிக்காரப் பிள்ளைகளும் இதில் விழுகிறார்கள். எங்கள் வளவில் அடியோடு தறித்த வேம்பு ஒன்று இருக்கிறது. மாரி மழை விழுந்ததும் கட்டையின் ஓரத்தில் செந்தளிர் நாலைந்து வந்துவிடும். தூரத்தில் நின்று பார்த்தால் அந்தத் தளிர்தான் கண்ணில் படும். அதற்காக மரத்துக்கு வயது இரண்டு மாதம் என்போமா? அந்தப் பேரடைகளிலும் புதிதாகப் பிறந்தவை மொத்த நட்சத்திரத் திணிவில் 1 முதல் 3 சதவீதம் வரைதான். ஆனால் இளம் நட்சத்திரம் கழியூதாவில் அவ்வளவு பிரகாசமானது. ஒரு சதவீதமே மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிடும். ஒளியை வைத்துச் சராசரி வயது கணித்தால் பேரடை இளையதாகத் தெரியும். திணிவை வைத்துக் கணித்தால் கிழம். பெரிய நீள்வட்டங்களில் பெரும்பாலான நட்சத்திரங்கள் 1000 கோடி ஆண்டுகளை ஒட்டிய வயதுடையவை. எந்த வயதைச் சொல்கிறோம் என்று சொல்லாமல் வயது எழுதக் கூடாது.

இதில் இன்னொரு பொறியும் உண்டு. கழியூதா வந்தாலே இளமை என்று நினைக்கக் கூடாது. வெளிப்போர்வையை இழந்து, சூடான உள்ளகம் தெரிய ஈலியத்தை எரிக்கும் கிழட்டு நட்சத்திரங்களும் கழியூதாவைக் கொட்டும். பாரமான நீள்வட்டங்களில் இது நன்றாகவே தெரிகிறது. ஆகவே முதியவை எவ்வளவு தரலாம் என்று பார்த்து, அதற்கும் மேல் மிஞ்சியிருப்பதைத்தான் புதுப் பிறப்பின் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அப்புறம் வாயு. இவற்றில் குளிர்ந்த வாயு இல்லவே இல்லை என்று இன்னமும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அட்லஸ் 3டி என்ற ஆய்வு 260 முந்திய வகைப் பேரடைகளை எடுத்துப் பார்த்தது. அவற்றில் 22 சதவீதத்தில் காபனோரொட்சைட்டின் கதிர்ப்பு கிடைத்தது. நட்சத்திரம் பிறக்கத் தேவையான மூலக்கூற்று ஐதரசன் அங்கே இருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். சிலவற்றில் வாயு சுழலும் திசையும் நட்சத்திரங்கள் சுழலும் திசையும் ஒத்துப்போவதில்லை. வீட்டில் விளைந்த வாயு என்றால் அப்படிச் சுழலாது. பெரும்பாலும் விழுங்கிய சின்னப் பேரடையில் இருந்து வந்திருக்கும். எம் 87 இல் கதை வேறு. நடுவில் உள்ள கருந்துளை பீய்ச்சும் தாரை சுற்றியுள்ள வாயுவைச் சூடாகவே வைத்திருப்பதால், அது குளிர்ந்து நட்சத்திரமாக முடிவதில்லை.

அன்றிரவு பத்து மணிக்குத் தொலைகாட்டியைத் தெற்கே திருப்பினோம். 1.2 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் சென்டாரஸ் ஏ என்ற பேரடை, எங்கள் வானில் 38 பாகை உயரம் வரை ஏறும். அதுவும் உருண்டையாகத்தான் தெரிந்தது. அந்த மாணவி கண்ணை எடுக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நடுவால ஒரு கறுப்புக் கோடு போகுது சேர்" என்றாள். அது தூசு. வாயு நிறைந்த பேரடை ஒன்றை அந்த உருண்டை விழுங்கியதன் மிச்சம் அது. அந்தப் பட்டைக்குள் இப்போதும் நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கின்றன.