புழுதிச் சுழலைப் பார்த்து வானிலை சொல்கிறீர்களா?

உச்சி வெயிலில் காய்ந்த மைதானத்தில் சருகும் காகிதமும் கிறுகிறுவென்று சுற்றி எழும். உடனே யாராவது "குட்டிச் சூறாவளி" என்பார்கள். முதல் தவறு அதுதான். சூறாவளி கடலில் உருவாகி மேகத்தோடு வருவது. புழுதிச் சுழலோ மேகமில்லாத வானத்தின் கீழ், சுட்ட தரையிலிருந்து கிளம்புவது.

அடுத்த தவறு, "சுழல் அடிக்குது, மழை வரும்" என்பது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். உலர்ந்த காற்று மேலே ஏறினால் கிலோமீட்டருக்குச் சுமார் 10 டிகிரி குளிரும். ஆள் உயரம், அதாவது 2 மீட்டர் ஏறினால் 0.02 டிகிரிதான். ஆனால் கொதிக்கும் மண்ணை ஒட்டிய காற்றுக்கும் ஆள் உயரக் காற்றுக்கும் இடையே பல டிகிரி வித்தியாசம் வந்துவிடும். கீழே இலேசான காற்று, மேலே கனமான காற்று. இந்த அடுக்கு நிலைக்காது. சூடான காற்று பிய்த்துக்கொண்டு மேலே போகும், சுற்றியுள்ள காற்று அந்த இடத்துக்கு ஓடி வரும். வரும் காற்றில் ஏற்கெனவே இருக்கும் மெல்லிய சுழற்சி, மையத்தை நெருங்க நெருங்க வேகமெடுக்கும், தொட்டித் தண்ணீர் வடியும் துளைக்கருகே சுற்றுவதைப் போல. ஆக, சுழல் காட்டுவது தரையை ஒட்டிய உலர்ந்த அடுக்கின் நிலையின்மையை. இடிமழைக்கு ஈரம் வேண்டும், நிலையின்மையும் பல கிலோமீட்டர் உயரம்வரை வேண்டும். அதைப் பற்றிச் சுழலுக்கு எதுவும் தெரியாது. செவ்வாய்க் கோளில் மழையே இல்லை, அங்கும் புழுதிச் சுழல் தாராளமாக உண்டு.

சரி, சுற்றுவதெல்லாம் சூட்டால்தானா? அதுவும் இல்லை. மேகமூட்டமான நாளில், காற்று பலமாக வீசும்போது, கட்டடத்தின் அதே மூலையில் மறுபடி மறுபடி சருகு சுற்றினால் அது சுவர் செய்யும் வேலை.

பூமி சுற்றுவதால் புழுதிச் சுழல் ஒரே திசையில்தான் சுழலும் என்பதும் கதை. இவ்வளவு சிறிய சுழலில் அந்த விளைவு எடுபடாது; இரண்டு திசையிலும் சுற்றும்.

அப்புறம், தூசி முடிகிற இடத்தோடு சுழலும் முடிந்தது என்று எண்ணாதீர்கள். எழும் காற்று அதற்கு மேலும் போகும். இயந்திரமில்லா விமானம் ஓட்டுபவர்கள் அதைத் தேடிப்போய் உயரம் பிடிப்பார்கள். தரையிறங்கும் சிறு விமானத்துக்கோ அதே சுழல் ஆபத்து. புல்வெளியில் தூசியே இருக்காது, சுழல் இருக்கலாம்.

நடுவில்தான் காற்று மிகப் பலம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். 2021-இல் செவ்வாயில் நாசாவின் பெர்சிவியரன்ஸ் ஆய்வு ஊர்தியின் மேல் ஒரு சுழல் கடந்தபோது, ஊர்தியின் மைக்ரோஃபோனில் முதலில் காற்றின் இரைச்சல் பதிவானது, பிறகு சுழலின் நடுப்பகுதி கடக்கும்போது சில நொடி அமைதி, மறுபடியும் இரைச்சல்.