ரெடியூசரில் எழுதியிருக்கும் எண்ணை அப்படியே நம்பிவிடாதீர்கள்

போன சித்திரையில் குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி படம் ஒன்று அனுப்பியிருந்தார். ஒமேகா செண்டாரி என்ற நட்சத்திரக் கொத்து. 8 அங்குல ஷ்மிட் காஸிகிரெயின் (ஆடியும் வில்லையும் சேர்ந்த) தொலைநோக்கி, 0.63 ரெடியூசர் (தொலைநோக்கிக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டி, படத்தில் விழும் வானத்தை அகலமாக்கும் வில்லை), பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமரா. நடுவில் நட்சத்திரங்கள் குண்டூசி முனை போல அழகாக இருந்தன. ஓரத்துக்குப் போகப் போக ஒவ்வொன்றும் சின்னப் பிறையாக வளைந்து, படத்தின் மையத்தைச் சுற்றி வருவது போல நின்றது. நான்கு மூலையும் இருட்டு. “அண்ணா, ரெடியூசர் டூப்ளிகேட்டா இருக்குமோ?” என்று கேட்டிருந்தார்.

ரெடியூசரில் குறை எதுவும் இல்லை. ரெடியூசருக்கும் சென்சாருக்கும் நடுவில் ஃபில்டர் மாட்டும் தட்டு ஒன்றைச் சேர்த்திருந்தார், கிட்டத்தட்ட 21 மி.மீ. கனம். அந்த 21 மி.மீ. எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. வேலூர்ப் பக்கத்தில் தொலைநோக்கி வைத்திருக்கும் பிள்ளைகளோடு பேசும்போதெல்லாம் ஏறக்குறைய இதே கதைதான் வருகிறது. அதனால்தான் இதை விரிவாக எழுதத் தோன்றியது.

ரெடியூசர் என்ன செய்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். அது ஒரு குவிவில்லைத் தொகுதி. தொலைநோக்கியிலிருந்து கூம்பாகக் குவிந்து வரும் ஒளியை இன்னும் சீக்கிரமாகக் குவிய வைக்கும். 8 அங்குலக் குழாயின் குவியத் தூரம் 2032 மி.மீ., அதாவது வாய் அகலத்தைப் போலப் பத்து மடங்கு, எஃப்/10. 0.63 ரெடியூசர் போட்டால் 1280 மி.மீ., எஃப்/6.3. சாதாரண டி.எஸ்.எல்.ஆர். கேமராக்களில் இருக்கும் ஏ.பி.எஸ்.-சி அளவு சென்சாரில் ரெடியூசர் இல்லாமல் 0.63 டிகிரி அகலமும் 0.42 டிகிரி உயரமும் உள்ள வானம் விழும். போட்டால் ஒரு டிகிரி அகலம், 0.67 டிகிரி உயரம். ஒமேகா செண்டாரியின் விட்டம் சுமார் 0.6 டிகிரி. ரெடியூசர் இல்லாவிட்டால் மேலும் கீழும் வெட்டுப்படும் கொத்து, போட்டால் முழுசாக உட்காரும். தம்பி தேர்ந்தெடுத்த பொருளும் சரி, கருவியும் சரி.

இது ஏதோ மலிவான குறுக்குவழி என்று நினைக்க வேண்டாம். ஆலங்காயத்துக்கு மேலே, ஜவ்வாது மலைக் காவலூரில் 1986 முதல் இயங்கும் வைணு பாப்பு தொலைநோக்கியையே பாருங்கள். 2.34 மீட்டர் ஆடி. பெரிய ஆடி நேராகக் குவிக்கும் முதன்மைக் குவியத்தில் அது எஃப்/3.25, இரண்டாவது ஆடி வழியாக வரும் காஸிகிரெயின் குவியத்தில் எஃப்/13. ஆடி ஒன்றுதான், வானத்தை அளக்கும் அளவுகோல் நான்கு மடங்கு மாறுகிறது. காஸிகிரெயினில் ஒரு மி.மீ.க்குள் 7 ஆர்க் செகண்டுக்கும் (ஒரு ஆர்க் செகண்ட் என்பது டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு) குறைவான வானம் அடங்கும், முதன்மைக் குவியத்தில் 27 ஆர்க் செகண்ட். லடாக்கின் ஹன்லேயில் இருக்கும் 2 மீட்டர் இமாலயச் சந்திரா தொலைநோக்கியின் முக்கியக் கருவி ஒன்று ஃபோகல் ரெடியூசர் தத்துவத்திலேயே கட்டப்பட்டது. பெரிய வானியலாளர்களுக்கும் அகலமான வானம் தேவைப்படுகிறது. அவர்கள் தூரத்தைத் துல்லியமாக அளந்து வைக்கிறார்கள், நாம் அளக்காமல் விடுகிறோம்.

தூரம்தான் எல்லாம்

ரெடியூசரில் 0.63 என்று அச்சடித்திருப்பதை அந்தக் கண்ணாடியின் குணம் என்றே எல்லாரும் எடுத்துக்கொள்கிறார்கள். அது கண்ணாடியும் தூரமும் சேர்ந்த குணம். கணக்கு எளிது: ரெடியூசரிலிருந்து சென்சார் வரை உள்ள தூரத்தை ரெடியூசரின் குவியத் தூரத்தால் வகுத்து, அதை ஒன்றிலிருந்து கழிக்க வேண்டும். 100 மி.மீ. குவியத் தூரமுள்ள சின்ன ரெடியூசர் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சென்சார் 50 மி.மீ. தள்ளி இருந்தால் அது 0.5. 30 மி.மீ. என்றால் 0.7. 70 மி.மீ. என்றால் 0.3. கண்ணாடி அதேதான்.

அப்படியானால் தூரத்தைக் கூட்டிக்கொண்டே போனால் வானம் அகலமாகிக்கொண்டே போகாதா என்று கேட்பீர்கள். போகும், ஆனால் அந்த அகலம் பயன்படாது. கண்ணாடியை வடிவமைத்தவர் ஒரு குறிப்பிட்ட தூரத்துக்குத்தான் ஓரத்துப் பிழைகளைச் சரிசெய்து வைத்திருக்கிறார். செலஸ்ட்ரான் நிறுவனத்தின் எஃப்/6.3 ரெடியூசருக்கு அது 105 மி.மீ. ரெடியூசரின் பின்பக்க மரையிலிருந்து சென்சார் வரை அளக்க வேண்டும். ரெடியூசரில் திருகும் டி-அடாப்டர் குழாய் 50 மி.மீ., கேமராவில் மாட்டும் டி-வளையமும் டி.எஸ்.எல்.ஆர். கேமராவின் உட்பக்க ஆழமும் சேர்ந்து 55 மி.மீ. கூட்டினால் சரியாக 105. கேனனில் உள்ளாழம் 44, வளையம் 11. நிக்கானில் உள்ளாழம் 46.5, வளையம் 8.5. எப்படியும் 55 வருகிற மாதிரியே செய்திருக்கிறார்கள். தம்பி சேர்த்த தட்டால் 105 என்பது 126 ஆகிவிட்டது. அவர் படத்தை மென்பொருளில் கொடுத்து நட்சத்திரங்களை அடையாளம் காட்டச் சொன்னபோது குவியத் தூரம் 1130 மி.மீ.க்கு அருகில் என்று வந்தது. ரெடியூசர் 0.63க்குப் பதில் 0.56 ஆக வேலை செய்திருக்கிறது.

இந்தச் சோதனையை எல்லோரும் ஒரு முறையாவது செய்ய வேண்டும். எடுத்த படத்திலிருந்து உண்மையான குவியத் தூரத்தைக் கண்டுபிடிப்பது ஐந்து நிமிட வேலை. பலர் மென்பொருளில் 2032 என்ற பழைய எண்ணையே விட்டுவைத்து, தொலைநோக்கி தான் எங்கே பார்க்கிறது என்று கண்டுபிடிக்கவில்லை என இரவெல்லாம் தவிக்கிறார்கள். காஸிகிரெயினில் குவியம் பிடிக்கப் பெரிய ஆடியே முன்னும் பின்னும் நகர்வதால் குவியத் தூரம் கொஞ்சம் மாறவும் செய்யும். ஆகவே கணக்குப் போட்டு வந்த எண்ணைவிட அளந்து வந்த எண்ணே நம்பத் தக்கது.

மூலை நட்சத்திரங்களும் பேசும். அவை மையத்திலிருந்து வெளியே பாய்கிற கோடுகளாக நீண்டிருந்தால் பெரும்பாலும் சென்சார் ரெடியூசருக்கு மிக அருகில் இருக்கிறது, ஸ்பேசர் எனும் இடைவளையம் சேர்க்க வேண்டும். மையத்தைச் சுற்றி வளைந்திருந்தால் தூரம் அதிகம். ஒரு மூலை மட்டும் கெட்டு எதிர் மூலை நன்றாக இருந்தால் அது தூரப் பிரச்சினையே இல்லை, சாய்வு. திருகு போட்டு இறுக்கும் குழாய்களைவிட மரையில் திருகி மாட்டும் இணைப்புகளை நான் வற்புறுத்துவது இதனால்தான். கேமராவின் எடையில் ஒரு மயிரிழை தொங்கினாலும் எஃப்/6.3-இல் அது தெரிந்துவிடும்.

ஃபில்டரின் கண்ணாடியும் கணக்கில் வரும். அதன் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு தூரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். 2 மி.மீ. ஃபில்டருக்கு சுமார் 0.7 மி.மீ. இதற்கு 105.7 என்று அளக்க ஒரு வெர்னியர் காலிபர் போதும்.

மரையைப் பற்றி ஒரு வார்த்தை. கேமரா அடாப்டர்களின் டி-மரை 42 மி.மீ. விட்டம், 0.75 மி.மீ. இடைவெளி. பழைய திருகு லென்சுகளின் மரையும் 42 மி.மீ. விட்டம்தான், ஆனால் இடைவெளி 1 மி.மீ. இரண்டும் முதல் ஒன்றிரண்டு சுற்று போகும், பிறகு பிடிக்கும். பிடித்ததும் இன்னும் கொஞ்சம் பலம் கொடுப்போம் என்று நானே திருகி, நல்ல அடாப்டர் ஒன்றின் மரையைக் கெடுத்தேன். இரண்டு சுற்றில் இறுகினால் கையை எடுத்துவிடுங்கள்.

கண்ணால் பார்க்கும்போது

ரெடியூசர் போட்டால் நெபுலா பிரகாசமாகத் தெரியும் என்று சொல்லி விற்கிறார்கள். கேமராவுக்கு அது ஒரு வகையில் உண்மை. கண்ணுக்கு உண்மையில்லை. எஃப்/10 குழாயில் ரெடியூசர் போட்டு 20 மி.மீ. ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் வில்லை) பார்ப்பதும், ரெடியூசர் இல்லாமல் 32 மி.மீ. ஐபீஸில் பார்ப்பதும் உருப்பெருக்கத்திலும் பிரகாசத்திலும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே ஒன்றேகால் அங்குல ஐபீஸ் மட்டும் வைத்திருப்பவருக்கு ரெடியூசர் உண்மையாகவே உதவும்: 32 மி.மீ. ப்ளாசல் வகை ஐபீஸ் தரும் 0.76 டிகிரி, 1.2 டிகிரி ஆகும். 2 அங்குல டயகனலும் (ஒளியைப் பக்கவாட்டில் திருப்பும் ஆடி) அகலமான ஐபீஸும் வைத்திருப்பவருக்கு அது வேண்டியதே இல்லை, ரெடியூசர் இல்லாமலேயே 1.3 டிகிரி வரை போகலாம். இரண்டையும் சேர்த்துப் போட்டால் இரட்டிப்பாகும் என்று நினைப்பதுதான் தவறு. 8 அங்குலக் குழாயின் உள்ளே ஒளி வெளியேறும் தடுப்புக் குழாயின் வாய் 40 மி.மீ.க்கும் குறைவு. அந்த வாயைத் தாண்டி எந்தக் கண்ணாடியும் வானத்தைக் கொண்டுவர முடியாது. போதாக்குறைக்கு, 2 அங்குல டயகனல் ஒளிப்பாதையை நீட்டி ரெடியூசரின் எண்ணையும் மாற்றிவிடும். ஓரத்தில் கறுப்பு வளையம்தான் மிச்சம்.

ஆடிகளால் மட்டும் ஆன நியூட்டோனியன் தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் மரையில் மாட்டும் மலிவான 0.5 ரெடியூசரை வாங்கிப் பார்க்க ஆசைப்படுகிறார்கள். வேண்டாம். ரெடியூசர் குவியத்தை உள்ளே இழுக்கும். மேலே சொன்ன 50 மி.மீ. உதாரணத்தில் குவியம் பிடிக்கும் ஃபோகஸர் 50 மி.மீ. உள்ளே போக வேண்டும். பெரும்பாலான நியூட்டோனியன்களில் அவ்வளவு இடம் கிடையாது. அதோடு எஃப்/5 ஆடியில் ஏற்கெனவே இருக்கும் கோமாவுக்கு (ஓரத்து நட்சத்திரம் வால் முளைத்தது போல நீளும் பிழை) தேவை கோமா கரெக்டர். மக்ஸுடோவ் வகைத் தொலைநோக்கிகளின் பின்வாய் இன்னும் குறுகலானது, அங்கும் கைக்கு வருவது இருண்ட ஓரம்தான். செலஸ்ட்ரானின் எட்ஜ் எச்.டி. வகைத் தொலைநோக்கிக்கு அதற்கென்றே செய்த 0.7 ரெடியூசர் உண்டு, பழைய 0.63-ஐ அதில் போடக் கூடாது. எட்ஜ் எச்.டி. குழாயின் உள்ளே ஏற்கெனவே திருத்தும் வில்லைகள் இருக்கின்றன. கோள்களைப் படமெடுக்கும்போது ரெடியூசரைக் கழற்றிவிடுங்கள், அங்கே தேவை உருவத்தைப் பெரிதாக்கும் பார்லோ வில்லை.

நம்ம ஊர் வானம்

எஃப்/10-இலிருந்து எஃப்/6.3-க்கு வந்தால் பரந்த பொருளின் ஒளி ஒரு பிக்சலுக்கு இரண்டரை மடங்கு அதிகம் விழும். நெபுலாவுக்கு மட்டும் இல்லை, நகரத்து வெளிச்சம் ஏறிய வானத்துக்கும் அதே இரண்டரை மடங்கு. காட்பாடி மொட்டை மாடியில் நின்று தெற்கே பார்த்தால் பாலாற்றுக்கு அந்தப் பக்கம் வேலூர் முழுவதும் ஒளிர்கிறது. ஒமேகா செண்டாரி நம் ஊரில் உச்சத்துக்கு வரும்போதே தெற்கே 30 டிகிரி உயரத்தில்தான் நிற்கும், அதாவது அந்த வெளிச்சத்துக்கு நேர் மேலே. ரெடியூசர் போட்டபின் பழையபடி 100 விநாடி வைத்தால் படம் வெளுத்துவிடும். 40 விநாடி வையுங்கள், படங்களின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். நட்சத்திரங்களுக்கு இந்த இரண்டரை மடங்குக் கணக்கு அப்படியே பொருந்தாது. புள்ளியாகத் தெரிபவற்றின் ஒளியைக் குழாயின் வாய் அகலமே தீர்மானிக்கிறது.

மூலை இருட்டுக்கு மருந்து ஃப்ளாட் படம், அதாவது சீரான வெளிச்சத்தை மட்டும் எடுத்து, மென்பொருளில் அசல் படத்தின் இருட்டைச் சரிசெய்ய வைத்துக்கொள்ளும் படம். வெள்ளை வேட்டியை இரண்டு மடிப்பாக மடித்துச் சுருக்கம் இல்லாமல் குழாய் வாயில் இழுத்துக் கட்டி, பொழுது சாயும் வானத்தை நோக்கி எடுத்தால் போதும். ஆனால் ரெடியூசர், குவியம், கேமரா திரும்பியிருக்கும் கோணம் மூன்றும் படமெடுத்த இரவில் இருந்தபடியே இருக்க வேண்டும். கழற்றி மாட்டியபின் எடுத்த ஃப்ளாட், தூசியின் தடத்தை நீக்குவதற்குப் பதில் தூசியின் நிழலை இன்னொரு இடத்தில் சேர்க்கும். நகர வெளிச்சத்தால் ஒரு பக்கம் மட்டும் வெளுப்பதை ஃப்ளாட் சரிசெய்யாது. அதற்கு ஒடுகத்தூர் தாண்டி மலைப் பக்கம் வண்டியை விடுவதுதான் வழி.

ஐப்பசி கார்த்திகை மழையில் ரெடியூசரைக் குழாயிலேயே விட்டுவிடாதீர்கள். ஈரத்தில் பூஞ்சை பிடித்தால் பூச்சு போய்விடும். சிலிகா ஜெல் பையோடு மூடிய டப்பாவில் வையுங்கள்.

கடைசியாக, ரெடியூசர் வாங்குவதற்கு முன் எதைப் பார்க்க ஆசை என்று கேட்டுக்கொள்ளுங்கள். கார்த்திகைக் கூட்டம் ஒரு டிகிரிக்கு மேல் பரந்தது. ஆண்ட்ரமெடா கேலக்ஸி 3 டிகிரி நீளம், முழு நிலாவை ஆறு முறை வரிசையாக வைத்த அளவு. 1280 மி.மீ.க்கு இரண்டும் பெரிது. இவற்றுக்கு எந்த ரெடியூசரும் போதாது. கேமராவோடு ஒரு 200 மி.மீ. லென்ஸ் இருந்தால் அதுவே போதும்.

தம்பி அந்தத் தட்டை எடுத்துவிட்டு, ஃபில்டரை டி-அடாப்டருக்கு உள்ளேயே பொருத்திக்கொண்டார். அடுத்த அமாவாசைக்கு ஒடுகத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த படத்தில் குவியத் தூரம் 1270 மி.மீ. ஒமேகா செண்டாரி சட்டத்துக்குள் முழுசாக, நான்கு பக்கமும் கொஞ்சம் கறுப்பு வானத்தோடு இருந்தது.